ஒரே பையிலிருந்து செலவு: வீடியோ கேம்களில் தேடலும் சண்டையும்

வீடியோ கேம் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு கட்சி உடனே உருவாகிவிடும். ஒரு கட்சிக்கு ஊர் சுற்ற வேண்டும். மலை ஏறணும், குகைக்குள் நுழையணும், நடுவில் எவனாவது வாளோடு வந்து நின்றால் எரிச்சல். இன்னொரு கட்சிக்குச் சண்டைதான் விளையாட்டு. "பத்து நிமிஷம் குதிரையில போய் ஒரு பெட்டியைத் திறக்கவா காசு கொடுத்தேன்?" என்று கேட்பார்கள். கேம் விற்பவர்களும் இரண்டையும் தனித்தனி அம்சமாகப் பட்டியல் போட்டு விற்கிறார்கள்: இவ்வளவு பெரிய மேப், இத்தனை வகை ஆயுதம்.

இந்தப் பிரிவினையே தப்பு என்பது என் கட்சி. தேடலும் சண்டையும் ஒரே பையிலிருந்து செலவாகும்போதுதான் இரண்டுக்கும் ருசி வருகிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பை வைத்துவிட்டால் தேடல் வெறும் பயணமாகிவிடும், சண்டை வெறும் பட்டன் தட்டலாகிவிடும். இதைச் சில கேம்களை வைத்து விளக்கப் பார்க்கிறேன். கதை முடிச்சுகள் எதையும் உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

முதலில் ஒரு நிஜக் குகை

கம்ப்யூட்டரில் தேடல் என்ற விஷயம் எங்கே ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் போனால் ஒரு நிஜக் குகையில் போய் நிற்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் மம்மத் கேவ். வில் க்ரௌதர் என்ற புரோகிராமர் அந்தக் குகைகளுக்குள் போய் அளந்து வரைபடம் போடும் குழுவில் இருந்தவர். பகலில் அவருக்கு வேலை, இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்கு மென்பொருள் எழுதுவது. விவாகரத்துக்குப் பிறகு, தன் மகள்கள் விளையாடுவதற்காக 1975-76 வாக்கில் ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு கேம் எழுதினார். அதுதான் 'கொலாசல் கேவ் அட்வெஞ்சர்'. படம் கிடையாது. எழுத்து மட்டும்தான். வடக்கே போ, விளக்கை எடு என்று நாம் தட்டச்சு செய்ய வேண்டும்.

1977ல் டான் வுட்ஸ் என்பவர் அதை விரிவாக்கினார். அந்த வடிவத்தில் விளக்கின் பேட்டரி தீர்ந்துபோகும். ஒரு பக்கம் இருட்டு, இன்னொரு பக்கம் திடீரென்று வந்து கத்தி வீசும் குள்ளர்கள். ஒரே மாதிரி வர்ணனை கொண்ட அறைகளால் ஆன ஒரு சிக்கல் பாதையும் உண்டு. எல்லா அறையும் ஒரே மாதிரி இருப்பதால், எங்கே இருக்கிறோம் என்று தெரியவே தெரியாது. அதற்கு ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழி, கையில் இருக்கும் சாமான்களை அறைக்கு ஒன்றாகப் போட்டுவிட்டுப் போவது. சாவி கிடந்தால் இது முதல் அறை, பாட்டில் கிடந்தால் இரண்டாவது அறை.

இதில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். மேப் வேண்டும் என்றால் கையில் இருக்கும் பொருளைக் கொடுக்க வேண்டியிருந்தது. பேட்டரியும் அதே நேரத்தில் தீர்ந்துகொண்டிருக்கும். தகவலுக்கு ஒரு விலை. தேடல் என்பதே அந்த விலையிலிருந்துதான் பிறக்கிறது.

ஒரு ஓர்க்குக்குப் பத்துப் புள்ளி

க்ரௌதர் விளையாடிய இன்னொரு விளையாட்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974ல் வெளியிட்டது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுவது. இன்றைய பெரும்பாலான சாகசக் கேம்களுக்கு இதுதான் பாட்டன். ஆனால் அதன் பழைய கணக்கு இன்றைக்கு நிறைய பேருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

1981ல் வந்த, டாம் மோல்ட்வே தொகுத்த அடிப்படை விதிப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு போர்வீரன் இரண்டாவது லெவலுக்குப் போக 2000 அனுபவப் புள்ளி வேண்டும். ஒரு சாதாரண ஓர்க்கைக் கொன்றால் கிடைப்பது 10 புள்ளி, அதையும் குழுவில் இருப்பவர்களோடு பங்கு போட வேண்டும். ஆக, கொன்றே முன்னேறுவது என்றால் ஓர்க்குகளை நூற்றுக்கணக்கில் வெட்டித் தள்ள வேண்டும். ஆனால் பாதாளத்திலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு தங்கக்காசுக்கும் ஒரு புள்ளி உண்டு. புத்திசாலி என்ன செய்வான்? ஓர்க்கைத் தொடவே மாட்டான். பதுங்கி, ஏமாற்றி, பேசிச் சமாளித்து, தங்கத்தோடு வெளியே வந்துவிடுவான்.

அப்படியானால் சண்டை எதற்கு? அது செலவு. இருபது நிமிஷ ஆட்ட நேரத்துக்கு ஒருமுறை பகடை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் ஊர்சுற்றும் அசுரன் ஒருவன் வந்துவிடுவான். ஒரு தீப்பந்தம் ஒரு மணி நேரம் எரியும். அதாவது ஒரு பந்தத்துக்கு மூன்று பகடை. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு பந்தம் அணைவதற்குள் ஒரு தடவையாவது அசுரன் வர வாய்ப்பு 42 சதவீதம். அந்த அசுரனிடம் பெரும்பாலும் தங்கம் இருக்காது. அவனோடு மோதினால் நஷ்டம் மட்டும்தான்.

"இந்தச் சுவரில் ரகசியக் கதவு இருக்கா, தட்டிப் பார்ப்போமா?" என்ற கேள்வி அங்கே ஏன் சுவாரஸ்யம்? தட்டிப் பார்க்க நேரம் ஆகும், நேரம் ஆனால் பந்தம் தீரும், பந்தம் தீர்வதற்குள் அசுரன் வருவான், வந்தால் உயிர் குறையும், உயிர் குறைந்தால் அடுத்த அறைக்குப் போக முடியாது. தேடலின் விலை சண்டை. சண்டையின் விலை அடுத்த தேடல். நான் ஒரே பை என்று சொல்வது இதைத்தான்.

கம்ப்யூட்டருக்கு வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழானது. 1981ல் வந்த 'விஸார்ட்ரி'யில் பாதாளத்தைக் கட்டம் போட்ட தாளில் நாமே வரைந்துகொள்ள வேண்டும், அந்த வகையில் தேடல் உயிரோடு இருந்தது. ஆனால் அனுபவப் புள்ளி எதிரியைக் கொல்வதில்தான். 1986ல் ஜப்பானில் 'டிராகன் க்வெஸ்ட்' அதே வழியில் போனது. நடந்தால் எதிரி வருவான், கொன்றால் புள்ளியும் காசும். செலவாக இருந்த சண்டை வருமானமாகிவிட்டது. ஊர் வாசலிலேயே நின்று முன்னும் பின்னும் நடந்து லெவல் ஏற்றும் பழக்கம் இங்கேதான் வேர் பிடித்தது. உள்ளே போகாமலேயே சம்பாதிக்கலாம் என்றால் தேடல் எதற்கு?

பைக்குள் என்ன இருக்கிறது?

சாஃப்ட்வேர்க்காரன் என்பதால் இதை இப்படிப் பார்க்கிறேன். இரண்டு வேலைகள் ஒரே வளத்தைப் பகிர்ந்துகொண்டால்தான் எதற்கு எவ்வளவு என்று முடிவெடுக்க வேண்டி வரும். ஆளுக்கொரு வளம் என்றால் முடிவெடுக்க ஒன்றுமில்லை. இரண்டும் பாட்டுக்கு ஓடும். கேமில் அந்தப் பொது வளம் உயிராக இருக்கலாம், மருந்து, வெளிச்சம், ஸ்டாமினா, நேரம், ஏன், மனசில் இருக்கும் தைரியமாகக்கூட இருக்கலாம். எதுவானாலும் நடக்கும்போதும் அது குறையணும், அடிபடும்போதும் அதுவேதான் குறையணும்.

இதோடு இன்னொரு நிபந்தனை. கவனித்துப் பார்த்தவனுக்குக் கவனிக்காதவனைவிட ஏதாவது கிடைக்க வேண்டும். பொன் நிற அம்புக்குறி எல்லோரையும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போனால், கண் எதற்கு?

ஒரே நிறுவனம், நாலு வருஷ இடைவெளி

இதற்கு நான் எப்போதும் காட்டும் ஜோடி, பெதஸ்டா நிறுவனத்தின் 'மோரோவிண்ட்' (2002), 'ஒப்ளிவியன்' (2006). அதே தொடர்வரிசை, அடுத்தடுத்த பாகங்கள்.

மோரோவிண்டில் குவெஸ்ட் மார்க்கர் கிடையாது. ஆரம்பத்திலேயே ஒரு பழைய இடிபாட்டுக்குப் போய் ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்துவரச் சொல்வார்கள். இந்தக் கோட்டையைத் தாண்டு, பழைய பாலம் வரும், அதைக் கடந்து ஏறு என்று வாயால் வழி சொல்வார்கள், நம்ம ஊரில் டீக்கடையில் விசாரித்தால் சொல்கிற மாதிரி. இடத்தைக் கண்டுபிடித்தால், கதவைத் திறக்கும் திருகு கதவிலேயே இருக்காது, பக்கத்தில் இருக்கும் குழாயில் இருக்கும். உள்ளே போனால் அந்தப் பெட்டி அலமாரியில் கிடக்கும் ஒரு சின்னக் கட்டி. அதைப் பார்க்காமலேயே நாலு சுற்று சுற்றிவிட்டு வந்தவர்கள் எக்கச்சக்கம்.

இன்னொரு நுணுக்கம். மோரோவிண்டில் ஓடினால் களைப்பு ஏறும். களைப்பாக இருந்தால் வாள் வீச்சு எதிரி மேல் படும் வாய்ப்பும் குறையும். மூச்சிரைக்க ஓடிப்போய் நண்டு மாதிரி ஒரு பூச்சியிடம் மாட்டினால், வீசுகிற வீச்செல்லாம் காற்றில்தான். புதிதாக ஆடுகிறவர்கள் இதைத் திட்டுவார்கள். "கத்தி பட்டது கண்ணுக்குத் தெரியுது, ஆனா அடி விழலையே!" திட்டுவது நியாயம்தான், கண்ணுக்குத் தெரிவதும் கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. எப்படி நடந்து வந்தாய் என்பது எப்படிச் சண்டை போடுவாய் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே பை.

ஒப்ளிவியன் இதை மூன்று வழியில் உடைத்தது. ஒன்று, திசைகாட்டியில் எப்போதும் மார்க்கர். இரண்டு, ஒருமுறை பார்த்த எந்த இடத்துக்கும் மேப்பைத் தொட்டுத் தாவலாம், பெரிய நகரங்களுக்கு முதலிலிருந்தே தாவலாம். மூன்று, நம் லெவல் ஏற ஏற உலகத்தில் இருக்கும் எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். வழிப்பறிக்காரன் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு வந்து நம்மிடம் சில்லறைக்கு வழி மறிப்பான். மோரோவிண்டிலும் எதிரிகள் ஓரளவு லெவலுக்கேற்ப மாறுவார்கள், ஆனால் இந்த அளவுக்குப் போனதில்லை.

மூன்றாவது விஷயம் சண்டை சம்பந்தப்பட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது தேடலைக் கொன்ற முடிவு. எந்தத் திசையில் போனாலும் நம் அளவுக்கு ஏற்ற எதிரிதான் இருப்பான் என்றால் எல்லாத் திசையும் ஒரே திசை. "அந்தப் பக்கம் போகாதே, ஆபத்து" என்ற வாக்கியத்துக்கே அந்த உலகத்தில் அர்த்தமில்லை. ஆபத்தான இடம் என்று ஒன்று இல்லாத ஊரில் தேடுவதற்கு என்ன இருக்கிறது?

மடியில் கனம்

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். 'டார்க் சோல்ஸ்' (2011) முழுக்க இந்தப் பழமொழியின் மேல் கட்டியது என்று சொல்லலாம். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம், இயக்கியவர் ஹிடேடாகா மியாசாகி. எதிரிகளைக் கொன்றால் சேர்வது 'சோல்ஸ்'. அதுதான் காசு, அதுதான் அனுபவப் புள்ளி. செத்தால் மொத்தமும் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுக்க ஒரே ஒரு வாய்ப்பு. போகும் வழியில் மறுபடி செத்தால் போனது போனதுதான்.

மருந்துக் குடுவை ஆரம்பத்தில் ஐந்து மடக்கு. தீ மூட்டத்தில் உட்கார்ந்தால் குடுவை நிரம்பும், ஆனால் கொன்ற எதிரிகளும் திரும்பி வந்துவிடுவார்கள். ஆக, ஒவ்வொரு மூலையிலும் ஒரே கேள்வி: இரண்டு மடக்கு மீதி இருக்கு, மடியில் இவ்வளவு கனம் இருக்கு, அந்த இருட்டுப் படிக்கட்டில் இறங்கலாமா, திரும்பலாமா? மேப் என்று ஒன்று கிடையாது. பாதி ஆட்டம் வரை தீ மூட்டங்களுக்கிடையே தாவும் வசதியும் கிடையாது.

இந்தக் கேமில் பலருக்கும் மறக்க முடியாத தருணம் ஒரு லிஃப்ட். கோட்டைப் பகுதியில் மணிக்கணக்காக அடிபட்டு, பயந்து பயந்து மேலே மேலே போய், ஒரு தேவாலயத்துக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் ஒரு லிஃப்டில் ஏறினால், அது கீழே கீழே இறங்கி ஆரம்ப இடமான ஃபயர்லிங்க் ஷ்ரைனில் கொண்டுபோய் விடும். எதிரி இல்லை, பரிசுப் பெட்டி இல்லை, ஒரு லிஃப்ட் மட்டும்தான். ஆனாலும் அந்த இடத்தில் வரும் நிம்மதி சாதாரணமில்லை. காரணம், நடுவில் இருந்த ஒவ்வொரு அடியையும் நாம் விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம். சண்டைதான் அந்தத் தூரத்தை அளந்த அளவுகோல். சண்டையை எடுத்துவிட்டு அதே லிஃப்டில் ஏறிப் பாருங்கள். வெறும் லிஃப்ட்.

சண்டை இங்கே வழிகாட்டிப் பலகையாகவும் வேலை செய்கிறது. ஆரம்ப இடத்திலிருந்து மூன்று பக்கம் போகலாம். கல்லறைப் பக்கம் போனால் எலும்புக்கூடுகள் துவைத்து எடுக்கும். கீழே போனால் பேய்கள், நம் வாள் அவற்றின் மேல் படவே படாது. மூன்றாவது பக்கம் ஓரளவு சமாளிக்கலாம். ஒரு அம்புக்குறிகூட இல்லாமல் 'இப்போது இந்தப் பக்கம் வராதே, ஆனால் மறக்காதே' என்று சொல்லியாயிற்று. 2022ல் வந்த 'எல்டன் ரிங்'கிலும் வெளியே வந்தவுடன் பொன் கவசத்தோடு ஒரு குதிரை வீரன் நிற்பான். மோதினால் சாவு. சுற்றிக்கொண்டு போனால் உலகம் முழுக்கத் திறந்திருக்கிறது. தோற்பதுகூட ஒரு தகவல்தான் என்று முதல் பத்து நிமிஷத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். அதே கேமின் பின்பகுதியில், ஒரே மாதிரி நிலவறைகளும் முன்பே பார்த்த பாஸ்களும் திரும்பத் திரும்ப வருவது அலுப்புத் தட்டுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்று வாசலிலேயே தெரிந்துவிட்டால் அங்கே தேடல் முடிந்துவிட்டது.

திசைகாட்டி மாட்ட ஒரு இடம்

நான் சொல்லும் பைக்கு ஆகச் சுத்தமான உதாரணம் 'ஹாலோ நைட்' (2017). ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி என்ற சின்னக் குழு செய்தது. பூச்சிகளின் பாதாள ராஜ்ஜியம். புதிய பகுதிக்குள் நுழைந்தால் மேப் இருக்காது. கார்னிஃபர் என்ற ஆசாமி எங்கோ உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வரைந்துகொண்டிருப்பார். அவரைத் தேடிக் கண்டுபிடித்தால் அரைகுறை மேப் ஒன்றை விற்பார். மீதியை நாம் நிரப்ப ஓர் எழுதுகோல் வாங்க வேண்டும். வாங்கினாலும், பார்த்த இடம் உடனே மேப்பில் ஏறாது. அடுத்த பெஞ்சு வரை உயிரோடு போய் உட்கார்ந்தால்தான் ஏறும்.

இதைவிட முக்கியமானது, மேப்பில் நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டும் திசைகாட்டி. அதை ஒரு தாயத்தாக மாட்டிக்கொள்ள வேண்டும். தாயத்து மாட்ட ஆரம்பத்தில் மூன்றே இடம்தான். திசைகாட்டி அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். சண்டைக்கு உதவும் தாயத்துகளும் அதே இடங்களுக்குத்தான் போட்டி போடுகின்றன. எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமா, இன்னும் கொஞ்சம் பலமாக அடிக்க வேண்டுமா? இரண்டில் ஒன்றை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தெரியாத ஊருக்குப் போகும்போது திசைகாட்டி, பாஸ் சண்டைக்கு முன் அதைக் கழற்றிவிட்டு வேறொன்று. தேடலும் சண்டையும் ஒரே நாணயத்தில் விலை பேசப்படுவதை இவ்வளவு வெளிப்படையாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

சண்டை இங்கே செலவு மட்டுமில்லை, கொஞ்சம் வருமானமும்கூட. எதிரியை அடித்தால் ஆன்ம சக்தி சேரும். மூன்று அடிக்குச் சேருவதைக் கொண்டு ஒரு காயத்தை ஆற்றிக்கொள்ளலாம், ஆனால் அசையாமல் நிற்க வேண்டும். அப்படி வந்த வருமானமும் அதே பைக்குத்தான் போகிறது என்பதால் கணக்கு கெடவில்லை.

கத்தி உடைந்தால் என்ன?

நின்டெண்டோவின் 'பிரெத் ஆஃப் த வைல்ட்' (2017) வந்தபோது அதிகம் திட்டு வாங்கியது ஆயுதம் உடையும் விஷயம். நல்ல வாள் ஒன்று கிடைத்தால், நாலு சண்டையில் தூள் தூளாகிவிடும். எரிச்சல்தான். ஆனால் அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இந்தக் கேமில் கொன்றதற்கு அனுபவப் புள்ளி கிடையாது. உயிரையும் ஸ்டாமினாவையும் கூட்ட வேண்டுமென்றால் மேப் முழுக்கச் சிதறிக் கிடக்கும் 120 சிறு கோயில்களைத் தேடிப் போக வேண்டும், நாலு கோயிலுக்கு ஒரு உயர்வு. எதிரி முகாம் ஒன்றைப் பார்த்தால் 'இதற்கு எத்தனை வாள் செலவாகும், உள்ளே அதைவிட நல்லது கிடைக்குமா?' என்று கணக்குப் போட வைப்பது அந்த உடைதல்தான். அது இல்லாவிட்டால் முதல் நல்ல வாளோடு பெட்டி திறக்கும் ஆசையே போய்விடும்.

நிலத்தை வடிவமைத்த விதத்தைப் பற்றி அவர்களே 2017ல் ஜப்பானில் ஒரு மாநாட்டில் பேசினார்கள். முக்கோண வடிவ மேடுகளால் நிலத்தை அமைப்பது அதன் மையம். மேடு பின்னால் இருப்பதை மறைக்கும். ஏறிப் போவதா, சுற்றிப் போவதா என்று நம்மைத் தேர்ந்தெடுக்க வைக்கும். ஏறினால் ஸ்டாமினா செலவு, சுற்றினால் எதிரி கண்ணில் படலாம். கோபுரத்தின் மேல் ஏறினாலும் மேப்பில் நிலத்தின் அமைப்பு மட்டும்தான் தெரியும். எங்கே போக வேண்டும் என்பதை நாமே தொலைநோக்கி வைத்துப் பார்த்து முள் குத்திக்கொள்ள வேண்டும். கோபுரம் ஏறியதும் மேப் முழுக்க ஐகான்களைக் கொட்டும் கேம்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

ஓட்டை இதிலும் உண்டு. சண்டையின் நடுவில் மெனுவைத் திறந்து, ஆட்டம் நின்றிருக்கும்போதே பத்து ஆப்பிள் தின்று உயிரை நிரப்பிக்கொள்ளலாம். பையை எந்நேரமும் நிரப்பலாம் என்றால் அது பையே இல்லை. முதல் பத்து மணி நேரத்தில் இருக்கும் படபடப்பு பின்னால் காணாமல் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

சண்டையே இல்லாவிட்டால்?

ஊர் சுற்றும் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் கை தூக்குவார்கள்: "சண்டையே இல்லாமலும் நல்ல தேடல் கேம்கள் இருக்கே?" இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் என் வாதம் இன்னும் தெளிவாகும் என்றுதான் நினைக்கிறேன்.

'சப்நாட்டிகா'வில் (2018) வேற்றுக்கிரகக் கடலில் தனியாக மாட்டிக்கொள்கிறோம். கையில் ஒரு கத்தி, கொல்லும் துப்பாக்கி என்று எதுவும் கிடையாது. மேப்பும் கிடையாது. ஆரம்பத்தில் மூச்சு 45 விநாடி. கீழே ஒரு பளபளப்பு தெரிகிறது. இறங்க 20 விநாடி ஆனால் ஏற 20 விநாடி, நடுவில் ஐந்து விநாடிதான் மீதம். அந்த ஐந்து விநாடிக்குள் ஒரு குகை வாய் கண்ணில் பட்டால் வரும் தவிப்பு இருக்கிறதே, அதுதான் தேடல். 'அவுட்டர் வைல்ட்ஸ்'ஸில் (2019) சூரியக் குடும்பம் முழுக்க 22 நிமிஷ நேரச் சுழலில் மாட்டியிருக்கிறது. சேர்த்துவைக்க அறிவைத் தவிர வேறெதுவும் இல்லை. எதை முதலில் போய்ப் பார்ப்பது என்பதற்குக் கடிகாரம்தான் விலை. 'டெத் ஸ்ட்ராண்டிங்'கில் (2019) முதுகில் இருக்கும் சுமை. எந்தச் சரிவில் இறங்குவது என்பதே சண்டைக்குச் சமமான முடிவு.

ஆக, தேவைப்படுவது விலைதான். அந்த விலையைக் கேட்கும் ஒரு வழி சண்டை. நமக்குப் பழகிப்போன வழி, அவ்வளவுதான். எதிரி இல்லாமல் மூச்சு கேட்கலாம், நேரம் கேட்கலாம். எதையுமே கேட்காத கேமில்தான் பிரச்சினை. அது நம்மை ஊர் சுற்றவும் விடும், அடிக்கவும் விடும், ஆனால் இரண்டிலும் நாம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இரண்டு மறுப்புகள்

முதலாவது: "வேலை, வீடு எல்லாம் முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்குது. அதிலும் வழி தெரியாமல் சுத்தணுமா? மார்க்கர் இருந்தால் என்ன?" நானும் அந்த ஒரு மணி நேரக்காரன்தான். அதனால்தான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். மார்க்கரைப் பின்தொடர்ந்து போன ஒரு மணி நேரத்தில் கண் பார்த்தது உலகத்தை இல்லை, திரையின் மேல் ஓரத்தில் இருக்கும் புள்ளியை. மறுநாள் யோசித்தால் எந்த இடத்துக்குப் போனோம் என்றே ஞாபகம் வராது. தொலைந்து, திரும்பி, ஒரு பாலத்தைக் கண்டுபிடித்த ஒரு மணி நேரம் வருஷக்கணக்கில் மனசில் நிற்கும். குறைந்த நேரம் இருப்பவனுக்குத்தான் அந்த நேரம் ஞாபகத்தில் தங்குவது முக்கியம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. எல்லோருக்கும் ஒரே கை வேகமோ பார்வையோ பொறுமையோ இருக்காது. விலை வை என்று சொல்வது, கடினமாக்கு என்று சொல்வதாகிவிடாதா? ஆகாது, ஆகவும் கூடாது. விலை வேறு, கடினம் வேறு. மூச்சு 45 விநாடி என்பதை 90 ஆக்கிக்கொள்ள ஒரு வசதி கொடுத்தால் கேம் சுலபமாகும், ஆனால் மூச்சு என்ற கணக்கு அப்படியே இருக்கும். அந்தக் கணக்கையே எடுத்துவிடுவதுதான் சேதம். அதேபோல மார்க்கர் வேண்டுபவர்களுக்கு அது இருக்கட்டும். ஆனால் அது இல்லாமல் ஆட ஆசைப்படுபவனுக்கு, உலகத்துக்குள்ளேயே வழி எழுதப்பட்டிருக்க வேண்டும். ஸ்கைரிமில் மார்க்கரை மறைத்துவிட்டு ஆடிப் பார்த்தால் கஷ்டம் தெரியும். பல குவெஸ்டுகளில் எந்த ஊர், எந்தத் திசை என்று யாரும் சொல்வதே இல்லை, மார்க்கர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வசனம் எழுதியிருக்கிறார்கள். மாறாக 'அஸ்ஸாஸின்ஸ் க்ரீட் ஒடிஸி' (2018) இரண்டு முறை கொடுத்தது. ஒன்றில் வழக்கம்போல மார்க்கர். இன்னொன்றில் இந்தப் பகுதியின் தெற்கே, இந்த இடத்துக்குப் பக்கத்தில் என்று குறிப்பு மட்டும். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன், ஆனால் யோசித்த திசை சரி.

வாங்கும் முன் மூன்று கேள்வி

புதிதாக ஒரு கேம் வாங்கலாமா என்று யோசிக்கும்போது நான் இப்போது டிரெய்லர் பார்ப்பதில்லை. யாராவது பேசாமல் ஆடிய அரை மணி நேரப் பதிவு கிடைத்தால் பார்க்கிறேன். அதில் மூன்று விஷயம் தேடுவேன்.

ஒன்று, ஆடுபவரின் கண் எங்கே இருக்கிறது? கேமராவைத் திருப்பித் திருப்பி மலையையும் கதவையும் பார்க்கிறாரா, மூலையில் இருக்கும் குட்டி மேப்பைப் பார்த்தே நடக்கிறாரா?

இரண்டு, ஒரு சண்டை முடிந்ததும் அவர் கொஞ்சம் நின்று யோசிக்கிறாரா? 'போதுமா, திரும்பலாமா' என்ற தயக்கம் தெரிந்தால் பை ஒன்றுதான். சண்டை முடிந்த அடுத்த விநாடியே எல்லாம் தானாக நிரம்பி, அவரும் ஓட ஆரம்பித்துவிட்டால், அந்தச் சண்டை நடந்ததும் நடக்காததும் ஒன்றே.

மூன்று, எதையாவது பார்த்துவிட்டு 'இப்போ வேண்டாம், அப்புறம் வரலாம்' என்று விட்டுவிட்டுப் போகிறாரா? என்னைப் பொறுத்தவரை இதுதான் ஆக நம்பகமான அடையாளம். எல்லாக் கதவையும் வந்த வழியிலேயே திறந்துவிட முடிகிற உலகத்துக்கு யாரும் மனசுக்குள் மேப் போட்டு வைத்துக்கொள்வதில்லை.

மூன்றுக்கும் சாதகமான பதில் வந்தால் வாங்குகிறேன். மேப் எத்தனை சதுர கிலோமீட்டர், ஆயுதம் எத்தனை வகை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.